கேட்ட இரண்டு விருப்பப் பாடங்களும் ஒரே பாடவேளையில்: மாணவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி
எழுதியவர்: மூன்றாண்டு சட்டப் படிப்பு மாணவி, ஐந்தாம் செமஸ்டர்

வணக்கம். சட்டக் கல்லூரியில் விருப்பப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு ஏற்பட்டிருக்கும் சிக்கலைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே நிலையைக் கடந்து வந்தவர்களும், கால அட்டவணை போடும் பொறுப்பில் இருந்த ஆசிரியர்களும், அறிவுசார் சொத்துரிமைத் துறையில் தொழில் செய்யும் வழக்குரைஞர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

நான் தாவரவியலில் பட்டம் பெற்று, மூலிகைச் சாறுகளைப் பிரித்தெடுக்கும் ஓர் ஆய்வகத்தில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு சட்டம் படிக்க வந்தவள். அங்கே எங்கள் குழு தயாரித்த ஒரு பேட்டன்ட் (காப்புரிமை) விண்ணப்பம், அதில் பயன்படுத்திய தாவரம் எங்கிருந்து, யார் மூலமாக வந்தது என்ற கேள்விக்கு ஒழுங்கான ஆவணம் இல்லாததால் மாதக்கணக்கில் நகராமல் கிடந்ததை அருகிலிருந்து பார்த்தேன். கொள்முதல் பதிவேட்டில் "வேர், 12 கிலோ" என்று மட்டும் எழுதியிருந்தது. வேரைத் தோண்டிக் கொடுத்தவரின் பெயரும் இல்லை, தோண்டிய இடமும் இல்லை. அறிவியலும் சட்டமும் ஒருசேரத் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே உடன் இருந்திருந்தால் அந்த நிலை வந்திருக்காது என்ற எண்ணம்தான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது.

கல்லூரியில் சேர்ந்தபோது கொடுத்த பாடத்திட்டக் கையேட்டில் விருப்பப் பாடங்களின் பட்டியல் இரண்டு பக்கங்களுக்கு நீண்டிருந்தது. அதில் நான்கு பாடங்களுக்கு அன்றே அடிக்கோடிட்டு வைத்தேன். இப்போது ஐந்தாம் செமஸ்டருக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருப்பவை மொத்தமே நான்கு பாடங்கள்: பன்னாட்டு வணிகச் சட்டம், வங்கிச் சட்டம், பேட்டன்ட் விவரக்குறிப்பு (கண்டுபிடிப்பை விளக்கி விண்ணப்பத்துடன் கொடுக்கும் ஆவணம்) எழுதுதல், பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம். இவற்றில் இரண்டை நாங்கள் எடுக்க வேண்டும். பன்னாட்டு வணிகச் சட்டத்துக்கு 11 பேர் பெயர் கொடுத்தார்கள். 20 பேர் சேர்ந்தால்தான் வகுப்பு நடத்த முடியும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், மறுநாள் அந்தத் தலைப்பின் மேல் சிவப்பு மையில் கோடு விழுந்திருந்தது. மீதமிருந்த மூன்றில், பேட்டன்ட் பாடமும் பல்லுயிர்ப் பாடமும் செவ்வாய், வியாழன், வெள்ளி ஆகிய மூன்று நாள்களிலும் காலை 8 மணி முதல் 9 மணி வரை அடுத்தடுத்த அறைகளில் நடக்கின்றன. ஆகவே எங்கள் வகுப்பில் எல்லோரும் வங்கிச் சட்டத்தைப் படித்தே ஆக வேண்டும். விருப்பம் என்று எஞ்சியிருப்பது மற்ற இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுப்பது மட்டுமே.

எனக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவே முடியவில்லை. நம் நாட்டில் கிடைத்த உயிரியல் வளத்தை அடிப்படையாகக் கொண்ட கண்டுபிடிப்புக்கு அறிவுசார் சொத்துரிமை கேட்பவர் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் செல்ல வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டம், 2002-இன் 6ஆம் பிரிவு சொல்கிறது. அந்த வளத்தின் மூலத்தையும் புவியியல் தோற்றத்தையும் விவரக்குறிப்பிலேயே வெளிப்படுத்த வேண்டும் என்று பேட்டன்ட் சட்டம், 1970-இன் 10ஆம் பிரிவு சொல்கிறது. ஒரே விண்ணப்பத்தின் இரண்டு பக்கங்களாக இருப்பவற்றை ஒரே மணி நேரத்தில் எதிரெதிராக நிறுத்தி, ஒன்றை எடு, ஒன்றை விடு என்று சொன்னால், இந்தத் துறைக்கென்றே வந்த மாணவர் என்ன செய்வார்?

இரண்டு வகுப்புகளிலும் மாறி மாறி உட்காரலாம் என்றால் வருகைப்பதிவு இடம் கொடுக்காது. ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

கையேட்டில் அச்சிட்ட பாடங்களை நடத்தியே ஆக வேண்டும் என்று கல்லூரியைக் கட்டுப்படுத்தும் விதி ஏதேனும் உண்டா? இல்லையென்றால், இந்த மோதலைத் தீர்க்கச் சொல்லி யாரிடம், எப்படிக் கேட்டால் பலன் கிடைக்கும்? எதுவுமே நடக்காமல் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எதை விடுவது? வகுப்புகள் தொடங்க இன்னும் 12 நாள்கள் இருக்கின்றன.


மறுமொழி 1
எழுதியவர்: சட்டக் கல்லூரி ஆசிரியர், கால அட்டவணைக் குழுவில் ஆறு ஆண்டுகள் பணியாற்றியவர்

உங்கள் முதல் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விடையை என்னால் தர முடியவில்லை என்பதில் எனக்கு வருத்தமே. வழக்குரைஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் சட்டக் கல்வி விதிகள், 2008-இன் இரண்டாம் அட்டவணை, ஆறுக்குக் குறையாத விருப்பப் பாடங்களைப் படிக்க வேண்டும் என்று சொல்லி, அரசமைப்புச் சட்டம், வணிகச் சட்டம், குற்றவியல், பன்னாட்டுச் சட்டம், அறிவுசார் சொத்துரிமை என்று பல தொகுதிகளைப் பட்டியலிடுகிறது. ஆனால் அதே இடத்தில், ஆசிரியர் இருப்பைப் பொறுத்துச் சில பொதுவான விருப்பங்களை மட்டும் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுகிறது. கையேட்டில் இரண்டு பக்கப் பட்டியலை அச்சிட்டுவிட்டு நான்கே பாடங்களை நடத்தும் கல்லூரி, விதியை மீறியதாகாது. மாணவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லாமல் இருப்பது முறையற்றது என்பது வேறு விஷயம்.

இந்த மோதல் ஏன் வருகிறது என்பதை விளக்குகிறேன்; காரணம் தெரிந்தால் கேட்கும் முறையும் மாறும். மூன்றாண்டுப் படிப்பில் ஒரு செமஸ்டர் 15 வாரங்களுக்குக் குறையக் கூடாது. வாரத்துக்குக் குறைந்தது 30 வகுப்பு மணி நேரம், அதில் 24 மணி நேரம் விரிவுரையாக இருக்க வேண்டும். ஒரு பிரிவில் 60 மாணவர்கள். இந்தச் சட்டகத்துக்குள் கட்டாயப் பாடங்களை முதலில் நிரப்புகிறோம், அடுத்து மூட் கோர்ட்டும் (மாதிரி நீதிமன்றப் பயிற்சி) செய்முறைப் பாடங்களும் வருகின்றன, கடைசியில் மிஞ்சிய கட்டங்களில் விருப்பப் பாடங்களைச் சொருகுகிறோம். அந்த வரிசையே தவறு என்பது என் கருத்து. ஒரே வகுப்பு மாணவர்கள் பிரிந்து போகும் பாடங்களுக்குத்தான் இடம் தேடுவது கடினம்; ஆகவே அவற்றை முதலில் வைத்துவிட்டு, எல்லோரும் ஒன்றாக அமரும் கட்டாயப் பாடங்களை அதன் பின் நிரப்பினால் மோதல்களில் பெரும்பகுதி தானாகவே குறையும். நான் குழுவில் இருந்தபோது இதை மூன்று முறை எடுத்துச் சொன்னேன், ஒரு முறைதான் ஏற்றுக்கொண்டார்கள்.

இன்னொரு காரணம் மாணவர்களின் கண்ணில் படுவதே இல்லை. பேட்டன்ட், பல்லுயிர் போன்ற சிறப்புப் பாடங்களை நடத்தக் கல்லூரியின் நிரந்தர ஆசிரியர்களில் ஆள் இருப்பது அரிது. ஆகவே தொழில் செய்யும் வழக்குரைஞர்களைக் கௌரவ விரிவுரையாளர்களாக அழைக்கிறோம். அவர்கள் 10.30 மணிக்கு நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். மாலையில் வாதியோ பிரதிவாதியோ அலுவலகத்தில் காத்திருப்பார்கள். அவர்களால் தர முடிந்த நேரம் காலை 8 மணி முதல் 9 மணி வரைதான். வெளியிலிருந்து வருபவர்கள் எல்லோருக்கும் அதே நேரம்தான் தோதாக இருப்பதால், சிறப்புப் பாடங்கள் அனைத்தும் ஒரே கட்டத்தில் போய்க் குவிகின்றன. உங்கள் இரண்டு பாடங்களும் எட்டு மணிக்கே இருப்பதைப் பார்த்தவுடன் எனக்கு இதுதான் தோன்றியது. இரண்டையும் யார் நடத்துகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். இருவரும் வழக்குரைஞர்கள் என்றால், "நேரத்தை மாற்றுங்கள்" என்ற கோரிக்கை சுவரில் மோதி நிற்கும். "நாளை மாற்றுங்கள்" என்று கேட்டால் வாய்ப்பு உண்டு. வாரத்தில் ஆறு காலைகள் இருக்கின்றன. இரண்டு பாடங்களுக்கும் மூன்று மூன்று காலைகள் போதும். இப்போது இரண்டும் ஒரே மூன்று நாள்களில் இருப்பதற்குப் பழைய அட்டவணையை அப்படியே படியெடுத்தது தவிர வேறு காரணம் இல்லாமலும் இருக்கலாம்.

20 பேர் என்ற எண்ணிக்கை பார் கவுன்சில் விதிகளில் நான் பார்த்த ஒன்றல்ல. அது உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ வைத்துக்கொண்ட அளவு. ஆறு பேருக்கும் அறுபது பேருக்கும் வினாத்தாள் தயாரிக்கும் வேலையும் ஆசிரியரின் நேரமும் ஒன்றே என்பதால் அப்படி ஓர் அளவு வைக்கிறார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பெயர் சேர்க்கும் தாளை இரண்டே நாள்கள் ஒட்டி வைத்துவிட்டு, ஆள் சேரவில்லை என்று மூடுவதை நான் ஏற்க மாட்டேன். முந்தைய செமஸ்டர் முடிவதற்குள் விருப்பத்தைக் கேட்டு வாங்கினால், தேர்வு விடுமுறையிலேயே ஆசிரியரைத் தேடலாம், அட்டவணையையும் அதற்கேற்பப் போடலாம்.


மறுமொழி 2
எழுதியவர்: கடந்த ஆண்டு பதிவு செய்துகொண்ட இளம் வழக்குரைஞர்

மேலே ஐயா சொன்னதுடன், நான் மாணவியாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். எங்களுக்கு மோதியவை தொழிலாளர் தொடர்பான ஒரு விருப்பப் பாடமும் வரிச் சட்டமும். முதல் முயற்சியாக ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சென்று அலுவலகத்தில் முறையிட்டோம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். கண்காணிப்பாளர் யாருக்கு எந்தப் பாடம் வேண்டும் என்பதையே புரிந்துகொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றார், அதோடு ஒரு வாரம் போய்விட்டது.

இரண்டாவது முறை எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வேறு வழியில் சென்றாள். ஒரு பெரிய வரைதாளில் எங்கள் வகுப்பின் அட்டவணையை மட்டுமல்லாமல், அந்த இரண்டு ஆசிரியர்களும் மற்ற வகுப்புகளுக்குச் செல்லும் நேரங்களையும், எந்த அறை எப்போது காலியாக இருக்கிறது என்பதையும் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பினாள். அறைகளின் விவரத்துக்காக மூன்று நாள்கள் ஒவ்வொரு மணியடிக்கும்போதும் தாழ்வாரத்தில் நடந்து பார்த்துக் குறித்துக்கொண்டாள். முடிவில், ஒரே ஒரு வகுப்பைப் புதன்கிழமை நான்காம் பாடவேளையிலிருந்து சனிக்கிழமை முதல் பாடவேளைக்கு நகர்த்தினால் மோதல் தீர்ந்துவிடுகிறது என்பது அந்தத் தாளில் கண்கூடாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் மனு எழுதினோம். மனு ஒரு பக்கம்தான்: யாருக்கு என்ன பாதிப்பு, எந்த மாற்றம் வேண்டும், அந்த மாற்றத்தால் வேறு யாருடைய வகுப்பும் கலையவில்லை என்பதற்கான விவரம், 23 கையொப்பங்கள். பாடம் நடத்தும் இரண்டு ஆசிரியர்களையும் முன்பே சந்தித்து, சனிக்கிழமை வருவதில் தங்களுக்குத் தடையில்லை என்று ஓரத்தில் எழுதி வாங்கினோம். முதல்வரிடம் போனபோது அவர் ஐந்து நிமிடங்களில் கையெழுத்திட்டுவிட்டார்.

அவர் மனம் இரங்கிக் கையெழுத்திட்டார் என்று நான் நினைக்கவில்லை. அவர் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் ஏற்கனவே செய்து முடித்திருந்தோம், மறுக்க ஒரு காரணமும் மிச்சம் வைக்கவில்லை. நீதிமன்றத்தில் இப்போது இடைக்கால மனு தாக்கல் செய்யும்போதும் எனக்கு அந்த வரைதாள்தான் நினைவுக்கு வருகிறது. என்ன உத்தரவு வேண்டும் என்று தெளிவாகக் கேட்காத மனுவை எந்த நீதிபதியும் கையில் வைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

ஒரு விதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். முழுமையான உறைவிடக் கல்லூரியாக இல்லாத நிறுவனங்கள் காலை 8 மணி முதல் மாலை 7 மணி வரை வகுப்பு நடத்தலாம் என்று அதே 2008 விதிகளின் மூன்றாம் அட்டவணை அனுமதிக்கிறது. "வேறு நேரமே இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த வரியைக் காட்டலாம். காட்டும்போது குரலை உயர்த்த வேண்டாம்.

12 நாள்கள் என்பது குறைவில்லை. ஆனால் வகுப்புகள் தொடங்கி வருகைப்பதிவேடு திறந்துவிட்டால் யாரும் அட்டவணையைத் தொட மாட்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.


மறுமொழி 3
எழுதியவர்: ஐந்தாண்டுப் படிப்பு மாணவன், மூன்றாம் ஆண்டு

அக்காவின் நிலையாவது விருப்பப் பாடங்களுக்குள் வந்த மோதல். எங்களைப் போல் அரியர் வைத்திருப்பவர்களின் நிலையையும் யாராவது பேச வேண்டும். எனக்கு இரண்டாம் ஆண்டில் ஒரு பாடம் தவறிவிட்டது. உடல்நலக் குறைவால் அந்த செமஸ்டரில் தேர்வு எழுத முடியாமல் போனது. இப்போது அந்த அரியர் தேர்வும் நடப்பு செமஸ்டரின் தேர்வு ஒன்றும் ஒரே நாளில், ஒரே முற்பகலில் வந்திருக்கின்றன. ஒன்றை எழுதினால் மற்றொன்று அரியர் ஆகிறது, அதாவது ஓர் அரியரைத் தீர்க்க இன்னோர் அரியரைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் கேட்டால், தேர்வு அட்டவணை பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் கேட்டால் கல்லூரி வழியாக வாருங்கள் என்கிறார்கள். இதற்கு மனு எழுதுவதென்றால் யார் பெயருக்கு எழுதுவது என்பதை ஐயாவோ அக்காவோ சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 4
எழுதியவர்: மறுமொழி 1 எழுதிய ஆசிரியர்

தம்பி, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரின் பெயருக்கு எழுதி, முதல்வர் வழியாக என்று குறிப்பிட்டு அனுப்புங்கள். கல்லூரி பரிந்துரைக்கும் வரை காத்திருக்காமல், முன்படி ஒன்றை நேராகவே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். இரண்டு தேர்வு நுழைவுச்சீட்டுகளின் படிகளையும் இணைத்து, தேதியும் முற்பகல் என்ற குறிப்பும் தெரியும்படி அடிக்கோடிடுங்கள். உங்களைப் போல் இன்னும் எத்தனை பேருக்கு அதே மோதல் இருக்கிறது என்று தேடிப் பிடித்து எண்ணிக்கையுடன் எழுதினால், ஒன்றைப் பிற்பகலுக்கு மாற்றுவதற்கு வாய்ப்பு கூடும். தனி ஒருவருக்காகத் தேர்வை மாற்ற மாட்டார்கள், ஆனால் முப்பது பதிவெண்கள் கொண்ட பட்டியலை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிடவும் மாட்டார்கள்.


மறுமொழி 5
எழுதியவர்: அறிவுசார் சொத்துரிமைத் துறையில் 14 ஆண்டுகளாகத் தொழில் செய்யும் வழக்குரைஞர்

எதை விடுவது என்ற மூன்றாவது கேள்விக்கு யாரும் விடை சொல்லாததால் நான் எழுதுகிறேன். அட்டவணை மாறவில்லை என்றால் பேட்டன்ட் விவரக்குறிப்பு எழுதும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பல்லுயிர்ப் பாடத்தை விடுங்கள். தயங்காமல் சொல்கிறேன்.

பல்லுயிர்ச் சட்டத்தில் மொத்தம் 65 பிரிவுகள்தான். பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகத்தை மட்டும் அச்சிட்ட நூல்) ஒன்றை வாங்கி, 2023 திருத்தச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் நீங்கியது, எந்தச் சொல் புகுந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தால் ஒரு மாதத்தில் பாடம் பிடிபட்டுவிடும். நீங்கள் குறிப்பிட்ட 6ஆம் பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு அறிவுசார் சொத்துரிமை கோரும் எவரும் ஆணையத்தின் முன் அனுமதியைப் பெற வேண்டியிருந்தது. திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தொடர்புடையவர்களுக்கு ஒரு வழியும் உள்நாட்டவர்களுக்கு வேறொரு வழியும் வகுக்கப்பட்டிருக்கின்றன: முன்னவர்கள் உரிமை வழங்கப்படுவதற்கு முன் ஒப்புதல் பெற வேண்டும், பின்னவர்கள் வழங்கப்படுவதற்கு முன் ஆணையத்தில் பதிவு செய்துகொண்டால் போதும். இதை ஆசிரியர் இல்லாமலேயே உங்களால் படித்துப் புரிந்துகொள்ள முடியும், ஏனென்றால் ஆய்வகத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு இருக்கிறது. சட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் எந்தத் தவறைத் தடுக்க வந்தது என்பது உங்கள் கண்ணுக்குத் தானாகத் தெரியும்.

விவரக்குறிப்பு எழுதுவது அப்படிப்பட்டதில்லை. அது கைவேலை. எதற்கு உரிமை கேட்கிறோம் என்று எல்லை வகுக்கும் உரிமைக்கோரல் என்ற ஒற்றை வாக்கியத்தில் "உள்ளடக்கிய" என்று எழுதுவதற்கும் "மட்டும் கொண்ட" என்று எழுதுவதற்கும் இடையில் ஒரு கண்டுபிடிப்பின் எல்லையே மாறிப்போகும். முதல் சொல்லை எழுதினால் வேறு பொருளைக் கூடுதலாகச் சேர்த்துத் தயாரிப்பவரும் எல்லைக்குள் வருவார். இரண்டாவது சொல்லை எழுதினால் அவர் ஒரே ஒரு பொருளைக் கூடுதலாகக் கலந்துவிட்டுத் தப்பிவிடுவார். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் நாம் எழுதிய வாக்கியத்தில் அந்தத் தவறு இருப்பதை நாமே கண்டுபிடிக்க முடியாது. தெரிந்தவர் ஒருவர் சிவப்பு மையால் சுழித்துக் காட்ட வேண்டும். நான் தொழிலுக்கு வந்த புதிதில் என் சீனியர் என்னுடைய முதல் வரைவைப் பதினோரு முறை திருப்பிக் கொடுத்தார். வகுப்பில் அந்தத் திருத்தம் கிடைக்குமானால் அதை விட்டுவிடாதீர்கள்.

நீங்கள் அறிவியல் பட்டதாரி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேட்டன்ட் சட்டத்தின் 126ஆம் பிரிவின் கீழ், பிறர் சார்பில் பேட்டன்ட் விண்ணப்பங்களைக் கையாளும் பேட்டன்ட் முகவராகப் பதிவு செய்துகொள்ள அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் வேண்டும். உங்கள் வகுப்பில் பலருக்கும் இல்லாத அந்தத் தகுதி உங்களுக்கு இருக்கிறது. தகுதித் தேர்வில் தலா 100 மதிப்பெண்களுக்கு இரண்டு தாள்களும் 50 மதிப்பெண்களுக்கு நேர்காணலும் உண்டு. இரண்டாம் தாள் முழுக்க விவரக்குறிப்பை எழுதுவதும் பொருள்கொள்வதும் பற்றியதே. ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடும் மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும். கல்லூரிப் பாடம் அந்தத் தாளுக்கு நேரான பயிற்சி.

விட்ட பாடத்தை ஈடுகட்ட வழிகள் உண்டு. மூன்றாண்டுப் படிப்பில் குறைந்தது 12 வாரங்கள் இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும், ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரங்களுக்கு மேல் செய்யக் கூடாது என்பது விதி. அந்த நான்கு வாரங்களை உயிரியல் சார்ந்த பேட்டன்ட்டுகளைக் கையாளும் ஓர் அலுவலகத்தில் செலவிடுங்கள். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அதன் முன் வரும் விண்ணப்பங்களைத் தயாரிக்கும் வழக்குரைஞர்களைத் தேடிப் பாருங்கள். உலக அறிவுசார் சொத்துரிமை அமைப்பு தொலைநிலைக் கல்வியாகக் கட்டணமின்றி நடத்தும் அறிமுகப் படிப்பையும் இந்த செமஸ்டரிலேயே முடித்துவிடலாம். மஞ்சளின் காயம் ஆற்றும் பண்புக்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட பேட்டன்ட்டை எதிர்த்து, நம்முடைய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாகக் காட்ட, 1997இல் அது ரத்தானதை அறிந்திருப்பீர்கள். அந்த வழக்கின் ஆவணங்களைத் தேடிப் படியுங்கள். மரபறிவைச் சான்றாக எப்படி அடுக்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்வதால், அட்டவணை மோதல் பெரிய விஷயமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியில் கற்றுக்கொள்ளலாம் என்பது, சீனியரின் அலுவலகம் வரை சென்று கதவைத் தட்டத் தெரிந்தவர்களுக்கும் அறிமுகம் செய்துவைக்க ஆள் இருப்பவர்களுக்கும் பொருந்தும். குடும்பத்தில் முதல் ஆளாகச் சட்டம் படிக்க வருபவருக்குக் கல்லூரி வகுப்பறை ஒன்றுதான் கதவு. அந்தக் கதவு இரண்டு பாடங்களுக்கும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடினால், பாதிக்கப்படுபவர் அவர்தான். ஆகவே மேலே தங்கை சொன்ன வரைதாளைப் போட்டே தீருங்கள். நான் சொன்னது அது பலிக்காமல் போனால் என்ன செய்வது என்பதற்கு மட்டுமே.


மறுமொழி 6
எழுதியவர்: கேள்வி கேட்ட மாணவி

அனைவருக்கும் நன்றி. ஒன்பது நாள்களுக்குப் பிறகு, நடந்ததைச் சொல்ல வந்திருக்கிறேன்.

ஆசிரியர் ஐயா ஊகித்தது சரியே. இரண்டு பாடங்களையும் நடத்துபவர்கள் வழக்குரைஞர்கள்தான். இருவரையும் தனித்தனியே சந்தித்தேன். இருவருக்குமே தங்கள் பாடம் மற்றவர் பாடத்துடன் மோதுகிறது என்பது தெரியவில்லை. பல்லுயிர்ப் பாடத்தை நடத்துபவர், திங்களும் புதனும் சனியும் தனக்கு இன்னும் வசதியானவை, தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார். அதைக் கேட்டபோது எனக்கு மகிழ்ச்சியைவிட வேதனைதான் அதிகமாக இருந்தது. ஒரு தொலைபேசி அழைப்பில் தீர்ந்திருக்க வேண்டிய ஒன்றுக்காக எங்கள் வகுப்பில் ஆறு பேர் ஏற்கனவே வேறு வழியில்லாமல் பெயரைத் திரும்பப் பெற்றிருந்தார்கள்.

வரைதாளைப் போட்டோம். அறைகளைக் குறிக்க இரண்டு நாள்கள் ஆயின. திங்கள், புதன் காலைகளில் எங்கள் வகுப்புக்கு வேறு பாடம் இல்லை. சனிக்கிழமை காலை 8 மணிக்கு மூட் கோர்ட் பயிற்சி இருந்தது. அதை 11 மணிக்கு நகர்த்த அதன் பொறுப்பாசிரியர் ஒப்புக்கொண்டு தாளின் ஓரத்தில் கையொப்பமிட்டார். 31 மாணவர்களின் கையொப்பத்துடன் மனு கொடுத்தோம். முதல்வர் திங்கள், புதன் இரண்டையும் ஏற்றுக்கொண்டார். சனிக்கிழமையை மட்டும் ஏற்கவில்லை. தொலைவிலிருந்து வரும் மாணவர்கள் சிலர், வாரக் கடைசியில் ஊருக்குச் செல்வதற்கு இது தடையாகும் என்று தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் அதை எதிர்த்து நான் எதுவும் எழுதவில்லை. மூன்றாவது வகுப்பை வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வைக்கலாமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். அன்று தன் வழக்குப் பட்டியலைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். அது அமையவில்லை என்றால் திங்களன்று தொடர்ந்து இரண்டு மணி நேரமாக நடத்தலாம் என்று அவரே ஒரு மாற்று வழியையும் சொன்னார்.

பன்னாட்டு வணிகச் சட்டம் திறக்கப்படவில்லை. ஆனால் ஆறாம் செமஸ்டருக்கான விருப்பங்களை இந்த செமஸ்டரின் பத்தாவது வாரத்துக்குள் கேட்டு வாங்க வேண்டும் என்ற எங்கள் இரண்டாவது கோரிக்கை கல்விக் குழுவின் அடுத்த கூட்டத்துக்குச் செல்கிறது. மாணவர் சார்பில் யாராவது அங்கே வந்து பேசலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா, விருப்பப் பாடங்களை முதலில் வைத்துவிட்டுக் கட்டாயப் பாடங்களைப் பின்னால் நிரப்பும் முறையை உங்கள் கல்லூரி ஒரு முறை ஏற்றதாகச் சொன்னீர்கள். அந்த ஆண்டு அட்டவணையின் படி ஒன்று உங்களிடம் இருந்தால், கல்லூரியின் பெயரை மறைத்துவிட்டு எனக்குத் தர முடியுமா? கூட்டத்தில் வாயால் விளக்குவதைவிட அதைக் கையில் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன்.